முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் இருக்கட்டும்

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31. கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். மூன்று ஷிப்ட். நாலு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. கருவாடு ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று அம்மாவின் நகையை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கி, இரண்டு பழைய வேன் எடுத்தேன். சூப்பர்வைசரை எல்லார் முன்னாலும் திட்டினேன். அக்காவும் மாமாவும் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பைபோலார் என்றார்கள், மனசு ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதுமான நோயாம். அப்புறம் ஐந்து மாசம் படுத்தே கிடந்தேன், செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. இப்போது இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறேன். ராத்திரி லித்தியம் 900 மில்லிகிராம். கடனில் பாதி அடைத்துவிட்டேன். மூன்று கேள்வி. நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா? பண்ருட்டியில் பெண் பார்த்திருக்கிறார்கள், அம்மா 'ஒரு வார்த்தை வெளியே விடாதே' என்கிறார், சொல்வதா வேண்டாமா? மூன்றாவது கேட்க வெட்கமாக இருக்கிறது. அந்தப் பத்து நாள் இருந்த மாதிரி நான் மறுபடி ஒருநாளும் இருக்க முடியாதா?"

தம்பி,

மூன்றாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் முதல் கேள்வி அதற்குள்ளிருந்துதான் வருகிறது என்று எனக்குச் சந்தேகம். அப்புறம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் மனநல டாக்டராக இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், மேனியாவிலிருந்து, அதாவது உங்களுக்கு இருந்த மாதிரி மனசு உச்சத்தில் பறக்கிற நிலையிலிருந்து, இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர் என்றைக்காவது ஒருநாள், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் தலைக்குள் யாரோ எல்லா விளக்கையும் போட்டுவிட்ட மாதிரி இருந்தது, பேச்சு வந்தது, பயம் போனது, யாரைப் பார்த்தாலும் பிரியமாக இருந்தது என்பார்கள். அது பொய் இல்லை. அது போனது ஒரு இழப்புதான். "அதெல்லாம் நோய், மறந்துடு" என்று சட்டென்று சொல்லிவிடுகிற டாக்டரிடம் நோயாளி தலையாட்டிவிட்டுப் போவார், வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தொட்டியில் போடுவார். எனக்கும் இது நடந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பத்து நாளை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ள வழி இல்லை. அதன் வால்தான் அந்த ஐந்து மாசம். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு மேலே பறப்பதைவிடக் கீழே கிடக்கிற நாட்கள்தான் அதிகம், பறந்த கதையை மட்டும் ஊர் ஞாபகம் வைத்திருக்கும். வட்டியைக் கட்டுகிறவர் நீங்கள், அதனால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

கருவாட்டு யோசனை என்று ஒன்று இருந்ததே, அதைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறவருக்கு அது ஒன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை, அன்றைக்கு அதை நடத்தப் பார்த்த வேகம்தான் கோளாறு. இப்போது, நிதானமாக இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோவில் ஆரம்பித்துப் பாருங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவானாலும், இரண்டு ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்த பிறகும் அது சரி என்று பட்டால், அக்காவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போனில் கடன் ஆப் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள், அது யாருக்கும் நல்லதில்லை, உங்களுக்கு ரொம்பவே கூடாது.

இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு என்று சொன்னேன் இல்லையா, என் பதில் முழுக்கவே அதைச் சுற்றித்தான். இந்த நோய் வரும்போது முதலில் தூக்கிக்கொண்டு போவது 'நமக்கு ஏதோ ஆகிறது' என்று தெரிகிற அறிவைத்தான். ஜுரம் வந்தவனுக்கு ஜுரம் என்று தெரியும், மேனியா ஏறுகிறவனுக்கு நான் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் விழித்தேன் என்று தோன்றும். அதனால் 'மனசு எப்படி இருக்கு' என்று உங்களையே கேட்டுக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை, பதில் சொல்லப்போவதும் அதே மனசுதானே. தூக்கத்தை எண்ணலாம். அது எண்ணிக்கை, அதோடு வாதாட முடியாது. தூக்கம் வராமல் புரண்டு மறுநாள் அசந்துபோவது வேறு, அது எனக்கும் உண்டு. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கிய மாதிரி துள்ளிக்கொண்டு எழுந்தால் அதுதான் மணி அடிப்பது. இன்னொன்று, தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டும் இல்லை, அதுவே நோயைக் கிளப்பியும் விடும். சாவு வீடு, திருவிழா, குழந்தை பிறந்த வீடு, நைட் ஷிப்ட் என்று நாலு ராத்திரி விழித்ததில் புரண்டுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சமையல் உள்ளில் மாசக் காலண்டர் தொங்கும் இல்லையா, பால் கணக்கு எழுதுகிற அதே கட்டத்தில் முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு எண் போடுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம், டைரி எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை. தொடர்ந்து இரண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்து, களைப்பும் இல்லையென்றால், மூன்றாவது நாள் காலையில் உங்கள் டாக்டருக்குப் போன். நீங்கள் போடாவிட்டால் அக்கா போடுவார், அவருக்கு அந்த உரிமையை இப்போதே கொடுத்துவிடுங்கள். அதேபோல ஒரு வாரமாகப் பத்து மணி நேரம் தூங்கியும் எழ மனசில்லை என்றால் அது அந்தப் பக்கத்துச் சரிவு, அதற்கும் போன். அந்த மாதிரி சமயத்தில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பைபோலார் இருக்கிறவருக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சில சமயம் ஆளை மேனியாவுக்குத் தள்ளிவிடும். எனக்கு பைபோலார் இருக்கிறது என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், பல் பிடுங்கப் போனாலும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் என்பவர் இந்த நோய்க்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் நாளைக்கு ஐந்து நேரங்களைக் குறிப்பார்கள். படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளிடம் பேசியது, வேலையைத் தொடங்கியது, ராத்திரிச் சாப்பாடு, படுத்தது. இந்த ஐந்தும் முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் தடுமாறாது. கேட்டால் நம் பாட்டி சொன்னதுபோல இருக்கிறது, ஆனால் மாத்திரையோடு சேர்த்து இதைச் செய்தவர்களுக்கு அடுத்த தாக்குதல் தள்ளிப்போனதை ஆய்வு செய்தே காட்டினார்கள்.

அப்படியானால் மூன்று ஷிப்ட்? உங்களுக்கு ஆகாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் நைட் ஷிப்ட் சாராயம் மாதிரி. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள் என்றால் லித்தியம் அவ்வளவு வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்கள் டாக்டரிடம் 'மருத்துவக் காரணங்களால் இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்' என்று ஒரு வரிச் சான்றிதழ் கேளுங்கள், நோயின் பெயர் அதில் வரவேண்டிய அவசியம் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, தேவைப்பட்டால் அதைப் பேசலாம், முதலில் அந்த ஒரு வரிச் சீட்டு போதும். நைட் அலவன்ஸ் போகும், தெரியும். ஆஸ்பத்திரிச் செலவோடு வைத்துப் பாருங்கள். சாராயம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன், பாலத்தைத் தாண்டினால் பாண்டி, அங்கே விலை குறைச்சல், சிநேகிதர்கள் கூப்பிடுவார்கள். குடித்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், நடுராத்திரியில் கலைந்துவிடும். வேண்டாம்.

இனி மாத்திரை. நிறுத்தலாமா? என் பதில், வேண்டாம், அதிலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. லித்தியத்தைச் சட்டென்று விட்டவர்களுக்கு அடுத்த சில மாசத்துக்குள்ளேயே மேனியா திரும்புகிற ஆபத்து மிக அதிகம். ஏதாவது காரணத்துக்காக நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாசம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவோம். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்கிறீர்கள், அணை உடையாமல் இருக்கிறது என்பதற்காக மதகுக்காரரை வேலையை விட்டு அனுப்புவார்களா? தற்கொலை ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்கு இந்த நோயில் லித்தியத்துக்கு இருக்கிற அளவு சான்று வேறு மருந்துக்கு இல்லை, உங்களுக்கு அந்த எண்ணம் வந்துபோயிருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

யாரோ 'அது செல்போன் பேட்டரியில் போடுகிற மருந்து' என்று பயமுறுத்தியிருப்பார்கள், எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார். ஆமாம், அதே தனிமம்தான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் மேனியாவுக்கு இது கேட்கிறது என்று எழுதினார், இன்றைக்கும் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்துகளில் இருக்கிறது. அது ஒரு உப்பு, அவ்வளவுதான். ஆனால் உப்பு என்பதால்தான் நம் ஊரில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகம் லித்தியத்தையும், சாப்பாட்டு உப்பில் இருக்கிற சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்தும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், போகவிடாதே என்று சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில், பாய்லர் பக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிற உங்கள் வேலையில் இது வெறும் பாடப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள், மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். பிரஷர் என்று யாராவது திடீரென்று உப்பை நிறுத்தச் சொன்னாலோ, நீர் பிரியும் மாத்திரை எழுதினாலோ, லித்தியம் சாப்பிடுகிறேன் என்று அங்கேயே சொல்லுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் உங்களுக்கு வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன், கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு லித்தியம் நன்றாக ஒத்துப்போனது. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டிருக்கிறார். அந்த மாதிரி வலி மாத்திரையும் லித்தியம் அளவை ஏற்றிவிடும், கூடாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை, அன்றைக்கு ஓ.பி.யில் கூட்டம், விட்டுவிட்டேன். கை உதறிக்கொண்டு, நாக்குக் குழறி, தள்ளாடிக்கொண்டு தெருவில் நடந்தவரைப் பார்த்து, பாண்டிக்குப் போய் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சொந்த மகனே இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். நல்லவேளை, மூன்றாம் நாள் மருமகள் அழைத்து வந்தார், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து லித்தியம் எழுதுகிற ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்: வலிக்கு, ஜுரத்துக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரிய நடுக்கம், குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு.

டீ கிளாஸ் லேசாக ஆடுகிற அளவு சின்ன நடுக்கம் பலருக்கும் இருக்கும், அதற்கு ஓட வேண்டாம், அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். ரத்தத்தில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருப்பது வழக்கம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. அந்தக் காலையில் அவசரப்பட்டு ஆறு மணிக்கே லேபுக்குப் போய்விட்டு, எண் கூடிவிட்டது என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் தைராய்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை, அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கோரிமேட்டில் ஜிப்மரிலோ மனநலப் பிரிவில் காட்டலாம், தனியாரிடம்தான் போக வேண்டும் என்று இல்லை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. நீங்கள் சாப்பிடுவது இந்த நோய்க்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான வேல்ப்ரோயேட் என்றால், கர்ப்பத்தில் அது குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது, கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டு மாற்று மருந்து பேசுங்கள். நாள் தள்ளிப்போன பிறகு இல்லை. நீங்களாக நிறுத்துவதும் இல்லை.

சரி, கல்யாணம். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஒரு இடம் தட்டிப்போனால் அடுத்த இடத்துக்கும் செய்தி போய்விடுகிற ஊர் நம்முடையது. ஆனாலும் நான் அம்மா பக்கம் இல்லை. சட்டம் ஒரு காரணம். முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினால், 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் 12-ம் பிரிவில் அந்தக் கல்யாணத்தையே செல்லாது என்று கேட்க வழி இருக்கிறது. மறுபக்கம், நோயின் பெயர் மட்டுமே விவாகரத்துக்குக் காரணமாகிவிடாது, அது எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லியிருக்கிறது. அதாவது நோயைவிட மறைத்ததுதான் உங்களுக்கு எதிராக நிற்கும்.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் ராத்திரி தூங்கவில்லை என்று உலகத்தில் முதலில் பார்க்கப்போகிறவர் யார்? அந்தப் பெண்தான். காலண்டரில் எண் தப்பாகப் போட்டாலும் அவருக்குத் தெரியும். அவரிடமிருந்து ஒளித்து, பாத்ரூமில் போய் மாத்திரை போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குப் பொய் சொல்லி லீவு போட்டு எத்தனை நாள்? ஒளிக்கிறவர்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், நான் பார்த்தவரை அதுதான் நடக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாசம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தாலி கட்டியவருக்கு என்ன நோய் என்று ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து முதல்முதலாகக் கேள்விப்படுவதை நான் போதுமான தடவை பார்த்துவிட்டேன்.

எப்போது சொல்வது? பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு, பஜ்ஜி தட்டுக்கு நடுவில் இல்லை. இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, நிச்சயத்துக்கு முன்னால். அவரிடம் நேராக, நீங்களே, பக்கத்தில் அக்கா மட்டும் இருந்தால் போதும். இந்த மாதிரி சொல்லலாம்: "எனக்கு பைபோலார் என்று ஒரு நோய் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்தேன், கடன் வாங்கினேன், பாதி அடைச்சாச்சு. இரண்டு வருஷமா நல்லா இருக்கேன், தினம் மாத்திரை உண்டு, அது தொடரும். டாக்டர்கிட்ட நீங்களே பேசணும்னா கூட்டிட்டுப் போறேன்." அவ்வளவுதான், மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம், சர்க்கரை இருக்கிறது என்று சொல்வது போலச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வருமா என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வராது என்பது தோராயக் கணக்கு. அவர் வேண்டாம் என்றால் வலிக்கும். அந்த வாரம் தூக்கக் கணக்கை இன்னும் கவனமாக எழுதுங்கள், அக்கா வீட்டில் போய் இருங்கள். மறுபடி செத்துப்போகிற நினைப்பு தலை காட்டினால் எந்த நேரமானாலும் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இன்னொரு காகித வேலையும் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, எனக்கு நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் இன்ன மாதிரி சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நியமனத்தை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். இப்போதைக்கு அக்கா பெயர். கல்யாணத்துக்கப்புறம் மாற்றுவதா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை.

கல்யாணம் கூடிவந்தால் அந்த வாரம்தான் உங்களுக்குப் பெரிய பரீட்சை, யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் ரிசப்ஷன் பதினோரு மணி வரை, போட்டோகிராபர் பன்னிரண்டு வரை, மறுநாள் திருவந்திபுரம் கோயிலில் விடியற்காலை நாலரை மணிக்கு முகூர்த்தம் என்றால் மாப்பிள்ளை எப்போது தூங்குவது? ஐயரிடம் பேசி முகூர்த்தத்தை ஒன்பது மணிக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் நல்ல நேரம் இருக்கிறது. ரிசப்ஷனைக் கல்யாணத்தன்று சாயங்காலமே வைத்துக்கொள்ளலாம், மண்டபக்காரர் ஒத்துக்கொள்வார். மாத்திரை டப்பா உங்கள் பெட்டியில் வேண்டாம், கல்யாண வீட்டில் பெட்டி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, மாமாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அவர் எடுத்துக் கொடுப்பார்.